திரையில் நின்றுபோன இராசையா

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே, இத்ரூஸ் ஹாஜியாரின் மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு பெரிய மின்திரை இருக்கிறது. பல் வைத்தியர், டியூஷன் வகுப்பு, கல்யாண மண்டபம், பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல் என்று பத்து வினாடிக்கு ஒன்றாக நாள் முழுதும் அதில் ஓடிக்கொண்டிருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு அண்ணாந்து பார்க்க வேறொன்றும் இல்லாததால், அந்த ஊரில் அதைப் படிக்காதவர்கள் குறைவு.

திரையை நடத்துகிறவள் நஸ்மியா. முப்பத்தொரு வயது. கணினி படித்துவிட்டுக் கொழும்பில் நாலு வருடம் வேலை பார்த்து, வாப்பா மௌத்தாகி, தனியாகிவிட்ட உம்மா ஸைனப்புக்குத் துணையாக ஊர் திரும்பியவள். திரையை ஓட்டும் சிறிய கணினியை மொட்டைமாடியில் ஓர் இரும்புப் பெட்டிக்குள் வைத்திருந்தாள். பகல் வெயிலுக்கும் பின்னேர மழைக்கும் நடுவில் கிடந்து அது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது உறைந்துபோகும். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் படியேறிப் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு வந்தாள். பிறகு வீட்டிலிருந்தே இணையம் வழியாக அதை மறுதொடக்கம் செய்யப் பழகிக்கொண்டாள்.

அதிலும் ஒரு சங்கடம் இருந்தது. வழமையான கட்டளையைக் கொடுத்தால் கணினி மிகவும் மரியாதையாக நடந்துகொள்ளும். உள்ளே ஓடும் ஒவ்வொரு வேலையிடமும் முடித்துக்கொள்ளும்படி சொல்லி, முடியும்வரை காத்திருக்கும். உறைந்துபோன வேலை எப்போது முடிவது? ஒரு தடவை ஒரு பல் வைத்தியரின் சிரிப்பு இரண்டரை மணி நேரம் திரையில் நின்றது. ஆகவே நஸ்மியா பத்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது நடுவில் யாரையும் கேட்காமல் இயங்குதளத்தின் அடிமட்டத்தையே நேராகக் கூப்பிட்டு, இந்த நிமிடமே என்று சொல்லும். அழைப்பு ஒன்றுதான். கூடவே அனுப்பும் எண்ணைப் பொறுத்து வேலை மாறும். ஓர் எண்ணுக்குக் கணினி விழுந்து உடனே எழும்பும். இன்னோர் எண்ணுக்கு, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படியே நின்றுவிடும். பிறகு இணையத்தில் எத்தனை தடவை கூப்பிட்டாலும் பதில் வராது.

வீட்டு மேசையில் அதைப் பரிசோதித்தபோது, பழைய மடிக்கணினி திரும்பத் திரும்ப எழும்பித் தொல்லை தருகிறதென்று, நிறுத்தும் எண்ணைப் போட்டு வைத்திருந்தாள். பரிசோதனை முடிந்து நிரலை மொட்டைமாடிக்கு அனுப்பியபோது எண்ணை மாற்ற மறந்துவிட்டாள். அது நடந்து ஒன்பது நாள். ஒன்பது நாளும் கணினி சமர்த்தாக ஓடியது.

பத்தாம் நாள் சனிக்கிழமை. நமுனுகுல பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலை பிட்டராக இருந்த இராசையாவுக்கு அன்றைக்கு அறுபது வயது நிறைந்தது. முப்பத்தாறு வருடம் கொழுந்து உருட்டும் இயந்திரங்களையும் பெரிய விசிறிகளையும் கழற்றிப் பூட்டியவர், போன மாதம்தான் ஓய்வு பெற்றார். அவருடைய மகள் நிஷாந்தினி மொனராகலைப் பக்கம் ஒரு கரும்பு ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்தாள். லீவு கிடைக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, அப்பாவின் படத்தைப் பதுளைத் திரையில் போட நஸ்மியாவிடம் ஏற்பாடு செய்துவிட்டு, காலை பஸ் ஏறிப் போய்ப் பாருங்கள் என்று அப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். இராசையா புது வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். திரையைப் படம் பிடிக்கப் போனில் சார்ஜ் இருக்க வேண்டுமென்று அதை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

வாழ்த்தை நஸ்மியாதான் வடிவமைத்தாள். மேலே சிவப்பில் பிறந்தநாள் வாழ்த்து. நடுவில், தொழிற்சாலையின் பிரியாவிடையில் கழுத்து நிறைய மாலையோடு எடுத்த படம். அதற்குக் கீழே 1965 – 2025. அடியில், அன்பு மனைவி, மகள், மருமகன், பேரப்பிள்ளைகள். இதற்கு அடுத்ததாக வரிசையில் இருந்தது ஒரு பாடசாலை அதிபரின் நினைவு நாளுக்குப் பழைய மாணவர்கள் கொடுத்த அறிவித்தல். கறுப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. ஒரு படம் போய் அடுத்தது வரும்போது கடைக் கதவு இறங்குவதுபோல மேலிருந்து கீழே இறங்கி வரட்டுமென்று போன வாரம்தான் நஸ்மியா மாற்றியிருந்தாள்.

காலை ஒன்பது இருபதுக்கு, கதவு மூன்றிலொரு பங்கு இறங்கியிருந்தபோது கணினி உறைந்தது.

பிறந்தநாள் வாழ்த்து இருந்த இடத்தில் இப்போது கறுப்புப் பட்டையில் கண்ணீர் அஞ்சலி. அதற்குக் கீழே மாலையோடு இராசையா. அதற்குக் கீழே இரண்டு வருடங்கள். அதற்குக் கீழே அவரை இழந்து தவிப்பவர்களின் பட்டியல்.

நஸ்மியா வீட்டில் உம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. மொனராகலையிலிருந்து நிஷாந்தினி. அவளுடைய கூட்டாளி ஒருத்தி பஸ் நிலையத்திலிருந்து படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள்.

“மிஸ், எங்க அப்பாவை என்ன செஞ்சு வச்சிருக்கீங்க?”

நஸ்மியாவுக்கு விளங்கவில்லை. படம் வந்த பிறகு விளங்கியது. இரண்டே நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு, வெங்காயக் கையோடு மடிக்கணினியைத் திறந்து, தன்னுடைய பத்து வரி நிரலை ஓடவிட்டாள். தொடர்பு அறுந்தது. மறுதொடக்கம் ஆகும்போது அறுவது வழக்கம்தான். ஒரு நிமிடம் காத்திருந்தாள். மூன்று நிமிடம். ஐந்து நிமிடம். அப்போதுதான் அந்த எண் அவளுக்கு ஞாபகம் வந்தது. வெங்காயத்தால் வந்த கண்ணீர்தான் என்று உம்மா நினைத்துக்கொண்டார்.

நிற்கச் சொன்னதும் கணினி நின்றுவிட்டது. கடைசியாகக் காட்டிய படத்தை மட்டும் விடாமல் காட்டிக்கொண்டிருந்தது.

ஸ்கூட்டரில் பத்து நிமிடத்தில் கட்டடத்துக்கு வந்துவிட்டாள். இரும்புப் பெட்டியின் சாவி அவளிடம் இருந்தது. மொட்டைமாடிக் கதவின் சாவி இல்லை. முன்பு அதற்கு இரண்டு சாவிகள் வெளியில் இருந்தன. கீழ்க்கடைக்காரர்கள் மேலே துணி காயப்போடப் போய், ஒரு நாள் ஒரு சாரம் காற்றில் பறந்து திரையின் மேல் விழுந்து அரை நாள் தொங்கியது. அன்றிலிருந்து ஹாஜியார் இரண்டு சாவிகளையும் தன் இடுப்புப் பட்டியில் கோத்துக்கொண்டார். இடுப்புப் பட்டியோடு அவர் இப்போது எல்ல என்ற ஊரில் இருந்தார். புதுச் சம்பந்தி வீட்டாருக்கு ஒன்பது வளைவுப் பாலம் காட்டப் போயிருந்தார். போன் எடுபடவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பஸீலின் ஐஸ்கிரீம் கடை. பஸீல் நஸ்மியாவின் வாப்பாவுக்குப் பழக்கமானவர். அவளுக்கு அண்ணன் முறையில் ‘நானா’. கட்டடத்தின் பிரதான சுவிட்சும் ஜெனரேட்டரும் அவருடைய கடைக்குப் பின்னால்தான் இருந்தன. ஒரு நிமிடம் சுவிட்சை அணைக்கும்படி நஸ்மியா கேட்டாள். அவர் யோசித்துவிட்டு அணைத்தார். வெளியே திரை இருண்டது. பஸ் நிலையத்தில் நின்றவர்கள் ஆறுதலாக ஏதோ சொன்னார்கள். எட்டாவது வினாடியில் ஜெனரேட்டர் தானாக எழும்பி உறுமியது. இராசையா முன்னைவிடப் பிரகாசமாகத் திரும்பி வந்தார். மின்சாரம் போனாலும் கணினி நிற்கக் கூடாதென்று அதற்கு மட்டும் தனியாக ஒரு பேட்டரி வைத்திருந்தவளும் நஸ்மியாதான்.

ஜெனரேட்டரையும் சேர்த்து அணைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள்.

“ஏலாது தங்கச்சி. மூணு கலியாண வீட்டு ஐஸ்கிரீம் உள்ளுக்கு இரிக்கி. ஒரு மௌத்துக்காக மூணு கலியாணத்தைக் கெடுக்கேலுமா?”

“அவர் மௌத்தாகல்ல, நானா.”

“அப்ப பிரச்சினை இல்லையே,” என்றார் பஸீல்.

நமுனுகுல பஸ் பத்தரைக்குத்தான் வந்தது. வழியில் மண் சரிந்து ஒரு பக்கம்தான் வாகனம் விட்டார்களாம். இராசையா இறங்கி, வேட்டியை உதறிச் சரிசெய்துகொண்டு, போனை உயிர்ப்பிக்கும் முன் ஒரு தடவை வெறுங்கண்ணால் பார்ப்போமென்று அண்ணாந்தார். படம் நன்றாக விழுந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு மேலே படித்தார். பிறகு கீழே படித்தார். பக்கத்தில் மரக்கறிப் பையோடு நின்ற ஓர் அம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல மனுசன் மாதிரி தெரியுது. பெரிய வயசும் இல்ல,” என்றார் அந்த அம்மா.

“ஆமாங்க,” என்றார் இராசையா.

அவருக்கு உட்கார ஓர் இடம் வேண்டும்போல் இருந்ததால் நேரே எதிரில் தெரிந்த ஐஸ்கிரீம் கடைக்குள் போய்ப் பிளேன்டீ கேட்டார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று நாற்பதாவது தடவையாக ஹாஜியாரின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்த நஸ்மியா திரும்பிப் பார்த்தாள். இரண்டு நாள் அந்த முகத்தைப் பெரிதாக்கி, சிறிதாக்கி, காது மடலில் நிழல் நீக்கி வேலை செய்தவள். மாலை இல்லாததுதான் வித்தியாசம்.

“ஐயா, நீங்க…”

“ஆமாங்க மிஸ். மேல இருக்கிறது நான்தான்.”

அவள் அவருக்கு முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். முழுவதையும் ஒளிக்காமல் சொன்னாள். கடைக் கதவுபோல இறங்கும் படம், பத்து வரி, இரண்டு எண்கள். இராசையா பிளேன்டீயைக் குடித்தபடி, ஓர் இயந்திரத்தின் நோயைக் கேட்கிறவர்போல, இடையிடையே சரியான இடத்தில் கேள்வி கேட்டுக் கேட்டார். அப்படியென்றால் யார் வேண்டுமானாலும் தவறுதலாக ஓர் எண்ணைப் போட்டு இயந்திரத்தை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். அப்படியில்லை, அதற்கென்று அந்த அழைப்பு வேறு இரண்டு இரகசிய எண்களையும் கேட்கும், அவை சரியாக இருந்தால்தான் சொன்னதைச் செய்யும் என்றாள் நஸ்மியா. அந்த இரண்டில் ஒன்றாக, இயங்குதளத்தை எழுதிய மனிதர் தன்னுடைய பிறந்த தேதியை வைத்திருக்கிறார் என்பதையும் சொன்னாள். படிக்கிற காலத்தில் அதை அறிந்தபோது அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிருந்தது.

இராசையா கொஞ்சம் யோசித்தார்.

“இன்னைக்கு எனக்கும் பொறந்தநாள்தான். அதைக் குடுத்தாக் கேக்காதா?”

“கேக்காது ஐயா.”

“சரி,” என்றார். “அவரு எழுதினது. அவரு இஷ்டம்.”

பிறகு போனை உயிர்ப்பித்தார். தவறிய அழைப்புகள் அறுபத்திரண்டு. முதலில் மகளைக் கூப்பிட்டார். நிஷாந்தினி அவருடைய குரலைக் கேட்டு அழுதாள், பிறகு போனை ஏன் அணைத்து வைத்தீர்கள் என்று ஏசினாள், பிறகு விஷயத்தைச் சொன்னாள். திரையின் படம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. காலையில் புது வேட்டியோடு பதுளைக்குப் போன மனிதர் பத்து மணிக்குள் பதுளையில் இறந்துபோனார் என்று தோட்டம் முடிவு செய்துவிட்டது. இவ்வளவு சீக்கிரம் அறிவித்தல் எப்படி வந்தது என்று யாரோ கேட்டதற்கு, இப்போதெல்லாம் கம்பியூட்டர் என்று தொழிற்சங்கத் தலைவர் தயாபரன் விளக்கம் கொடுத்திருக்கிறார். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையைப் பார்த்து, சாவுக்காகத் தோட்டத்துக்கு அரைநாள் லீவும் வாங்கிவிட்டார். இப்போது பிரேதத்தை எடுத்து வர லொறியில் ஆட்களோடு பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருக்கிறார். அம்மாவும் அதில்தான் வருகிறாள். அவளுடைய போன் லயத்து வீட்டில் சார்ஜ் போட்டபடி கிடக்கிறது. தயாபரனின் போனுக்கு இருபது தடவை எடுத்தாகிவிட்டது. அப்பா செத்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதால் அவருடைய லைன் ஓயவே இல்லை.

இராசையா போனை மேசையில் வைத்தார். முதல் தடவையாக அவருடைய முகம் மாறியது.

“வீட்டுக்காரி பிரஷர் உள்ளவ, மிஸ். அவ வந்து அதைப் பாக்கக் கூடாது.”

நஸ்மியா பூட்டிய கதவைப் பற்றிச் சொன்னாள். பூட்டை உடைத்தால் ஹாஜியார் திரையையே வேண்டாமென்று சொல்லிவிடுவார் என்பதையும் சொன்னாள். கதவைக் காட்டும்படி கேட்டுக்கொண்டு இராசையா எழுந்தார். மூன்று மாடி ஏற அவருக்கு நேரம் எடுத்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார். மேலே, கதவில் தேங்காய் அளவு பூட்டு ஒன்று தொங்கியது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கதவின் மற்ற விளிம்பில் கீல்களைப் பார்த்தார். அவை படிக்கட்டுப் பக்கமாகத்தான் இருந்தன. பழைய தகரக் கதவு. மூன்று கீல், ஒவ்வொன்றிலும் நாலு திருகாணி.

“பூட்டைத் தொட்டா உடைச்ச மாதிரி,” என்றார். “இந்தப் பக்கம் தொட்டா ரிப்பேர் செஞ்ச மாதிரி.”

நஸ்மியா கீழே ஓடிப்போய்ப் பஸீலின் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குரிய ஸ்குரு டிரைவரையும் கொஞ்சம் தேங்காயெண்ணெயையும் வாங்கி வந்தாள். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. இராசையா எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் காத்திருந்து, ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்பதாவது மட்டும் அரை மணி நேரம் மல்லுக்கட்டியது. புது வேட்டியில் துரு பட்டது. இரண்டு தடவை நஸ்மியா தான் முயன்று பார்க்கவா என்று கேட்டாள். இது ஆத்திரப்பட்டால் தலை வழுக்கிவிடும் என்று சொல்லிவிட்டார். கடைசியில் இருவருமாகக் கதவைக் கீல் பக்கமாக இழுத்து, நாதாங்கியை நிலைத் துளையிலிருந்து உருவி, பூட்டோடு தூக்கிச் சுவரில் சாத்தி வைத்தார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது.

மொட்டைமாடியில் வெயில் கொளுத்தியது. திரையின் முதுகு ஓர் ஆள் இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது. நஸ்மியா இரும்புப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கணினியின் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது.

“விளக்கு எரியுதே,” என்றார் இராசையா. “உசுரு இருக்கு.”

“உசிர் இரிக்கி ஐயா. ஆனா ஒண்டும் செய்யாது. நான் நிக்கச் சொல்லிட்டேன்.”

பொத்தானை அழுத்தி ஐந்து வினாடி பிடித்தால் முழுவதும் அணையும், பிறகு ஒரு தடவை தட்டினால் எழும்பும் என்று சொன்னாள். அவர் அந்தச் சிறிய பொத்தானைக் குனிந்து பார்த்தார்.

“நான் அமத்தவா?”

அவள் விலகி நின்றாள். இராசையா துருப் படிந்த பெருவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு அழுத்திப் பிடித்தார். வாய்க்குள் ஐந்துவரை எண்ணினார். பச்சை விளக்கு அணைந்தது. கீழே பஸ் நிலையத்திலிருந்து ஒரு பெரிய முனகல் எழும்பி வந்தது.

முனகல் கேட்டு இராசையா என்ன என்று பார்க்கத் திரையைச் சுற்றி, கட்டடத்தின் விளிம்புச் சுவருக்கு வந்தார். அதே நேரத்தில்தான் தோட்டத்து லொறி ஆஸ்பத்திரியில் பிரேதம் இல்லையென்று கேட்டுவிட்டு, திரையில் ஏதாவது விபரம் போட்டிருக்குமா என்று பார்க்கப் பஸ் நிலையத்துக்குள் திரும்பியது. முன்னால் வெள்ளைக் கொடி. பின்னால் நாற்பது பேர். தயாபரனின் மடியில் ஒரு மலர்வளையமும் மாலையும். எல்லோரும் அண்ணாந்தார்கள். திரை கறுப்பாக இருந்தது. அதற்குப் பக்கத்தில், வானத்தை ஒட்டி, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு இராசையா நின்றார்.

லொறியில் ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

முன் இருக்கையில் இருந்த தனலெட்சுமி, இராசையாவின் மனைவி, கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். வழி முழுக்க அழுது முகம் வீங்கியிருந்தது. கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்து நன்றாகப் பார்த்தாள். முப்பத்தைந்து வருடம் பார்த்த ஆள். அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

“அங்க என்ன செய்றீங்க?” என்று பஸ் நிலையம் முழுவதுக்கும் கேட்கிற குரலில் கேட்டாள். “முழங்கால் வலின்னு நேத்து அவ்வளவு தைலம் தேச்சு விட்டேன். மூணு மாடி ஏறி நிக்கிறீங்க. கீழ வாங்க.”

அதைச் சொல்லி முடித்த பிறகுதான் லொறியின் படியில் உட்கார்ந்து மறுபடி அழத் தொடங்கினாள். மரக்கறிப் பை அம்மா போய் அவளுடைய முதுகைத் தடவிக் கொடுத்தார். காலையில் தன் பக்கத்தில் நின்று “ஆமாங்க” சொன்ன ஆள் யாரென்று அந்த அம்மாவுக்கு இப்போதுதான் புரிந்தது.

இராசையா இறங்கி வருவதற்குள் நஸ்மியா பொத்தானைத் தட்டிவிட்டாள். கணினி எழும்பும்போது வரிவரியாக ஓடும் வெள்ளை எழுத்துகள் திரை முழுக்க ஓடின. லொறியில் வந்தவர்கள் அதையும் மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு வரிசை முதலிலிருந்து தொடங்கியது. பஸீலின் ஐஸ்கிரீம். பல் வைத்தியர். டியூஷன் வகுப்பு. நாற்பது பேரும் நடுவீதியில் நின்று, ஒவ்வொன்றாகப் படித்து, ஏழு நிமிடம் காத்திருந்தார்கள். கொழும்பு பஸ்ஸின் டிரைவர் ஹோர்னை அழுத்திக் களைத்து, என்ஜினை நிறுத்திவிட்டுத் தானும் இறங்கி வந்து பார்த்தார். கடைசியில் இராசையாவின் படம், சிவப்பு வாழ்த்தோடு, எந்தக் கதவும் இறங்காமல் முழுதாக வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பத்து வினாடியில் போய்விட்டது.

“அவ்வளவுதானா?” என்று தயாபரன் கேட்டார். இருபத்தெட்டு கிலோமீட்டர் வந்தவருக்கு அது போதவில்லை.

நஸ்மியா போனிலிருந்தே மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து, அடுத்த அரை மணி நேரத்துக்கு இராசையாவை மட்டும் காட்டும்படி செய்தாள். இந்தத் தடவை ஒவ்வோர் எழுத்தையும் மூன்று முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்பினாள். ஆட்கள் திரையின் கீழ் இராசையாவை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிரேதத்துக்கென்று வாங்கி வந்த மாலையை வீணாக்காமல் அவருக்கே போடலாமென்று ஒருவர் கொண்டுவந்தார். தனலெட்சுமி பார்த்த பார்வையில் அதைத் திரும்ப லொறிக்குள் போட்டுவிட்டார். கிடைத்த அரைநாள் லீவைத் திருப்பிக் கொடுக்கவா முடியும்? பெண்கள் துணிக்கடைப் பக்கம் போனார்கள். மற்றவர்கள் பஸீலின் கடையை நிரப்பினார்கள். கல்யாண வீட்டு ஐஸ்கிரீமில் கை வைக்காமல் சமாளிக்க பஸீல் பெரும்பாடு பட்டார்.

தயாபரனுக்கு மட்டும் ஐஸ்கிரீம் இறங்கவில்லை. துரையிடம் சாவு என்று சொல்லி லீவு வாங்கியவர் அவர். திங்கட்கிழமை காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை கேட்டால் என்ன சொல்வது? எழுத்தில் ஏதாவது வேண்டுமென்றார். நஸ்மியா பஸீலிடம் ஒரு தாள் வாங்கி, மேசையில் வைத்து எழுதினாள்.

“மதிப்புக்குரிய ஐயா, தங்கள் தோட்டத்தின் முன்னாள் பிட்டர் திரு. இராசையா அவர்கள் நலமாக உள்ளார். கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டிய இடத்தில் நான் தவறுதலாக அதை நிறுத்திவிட்டேன். அதனால் அவர் காலமானதாகத் தென்பட்டது. தவறு முழுவதும் என்னுடையது. இதில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.”

இராசையா அதை வாங்கிப் படித்து, கடைசி வரிக்காக அவளுக்கு நன்றி சொன்னார்.

ஹாஜியார் பின்னேரம் நாலு மணிக்கு எல்லவிலிருந்து திரும்பினார். நஸ்மியா அவரைத் தானே மேலே கூட்டிப்போய்க் காட்டினாள். கதவு சுவரில் சாய்ந்திருந்தது. அவர் முதலில் பூட்டை இழுத்துப் பார்த்தார். அது இறுகப் பூட்டியிருந்தது. திருப்தியாகத் தலையாட்டினார். பிறகுதான் தான் வெட்டவெளியில் நிற்பதைக் கவனித்தார். கழற்றி வைத்திருந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு இடுப்புப் பட்டியிலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். கதவைத் திரும்பப் பொருத்த அதே ஆளைத்தான் கூப்பிட வேண்டுமென்றும், திருகாணி எதிலும் தலை வழுக்கவில்லை, வேலை தெரிந்த ஆள் என்றும் சொன்னார். அடுத்த வாரம் இராசையா வந்து பொருத்திவிட்டுப் போனார். அவர் வேலை செய்யும்போதே நஸ்மியா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த எண்ணை மாற்றி, கணினியை ஐந்து தடவை விழ வைத்து ஐந்து தடவை எழுப்பிப் பார்த்தாள்.

கடிதத்துக்குப் பதில் வர மூன்று வாரம் ஆனது. துரை அதை இரண்டு தடவை படித்தாராம். நிறுத்தத்துக்கும் மறுதொடக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோட்ட அலுவலகத்துப் பெரிய கிளாக்கரிடம் விளக்கும்படி கேட்டாராம். பெரிய கிளாக்கர் தன்னால் முடிந்த அளவு விளக்கினாராம். பிறகு துரை கோப்பில் இப்படிக் குறித்தார்: இராசையாவின் மரணத்துக்கான அரைநாள் விடுமுறை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. ஒரே ஆளின் மரணத்துக்கு இரண்டாவது தடவை வழங்க இயலாது.

இதைத் தயாபரன் விடுவாரா? முதல் தடவை நடந்தது மரணமே அல்ல, ஆகவே அது கணக்கில் சேராது என்று சங்கத்தின் சார்பில் எழுதினார். மரணம் அல்லவென்றால் அந்த அரைநாளை ஏன் எடுத்தீர்கள் என்று அலுவலகம் திருப்பிக் கேட்டது. விஷயம் இப்போது மேலிடத்துக்குப் போயிருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை இராசையா நஸ்மியாவுக்குப் போன் எடுத்து அந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதி வேண்டுமென்றார். உம்மாவின் சுகத்தையும் விசாரித்தார். பேச்சுவார்த்தை எந்த அளவில் இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

“அடுத்த மாசம் கூப்பிட்டிருக்காங்க, மகள்,” என்றார். “அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கச் சொல்லியிருக்காரு தலைவர்.”